வாசலில் கிடந்த செருப்பு

அந்தக் காய்ச்சலில் யாரும் சாகவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். இரண்டாயிரத்து ஆறில் மதுரையைச் சுற்றி வீட்டுக்கு ரெண்டு பேரைப் படுக்கவைத்த சிக்குன்குனியாவைச் சொல்கிறேன். மூன்று நாள் காய்ச்சல், ஒரு வாரம் மூட்டுவலி, அப்புறம் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். வயசுப் பிள்ளைகளுக்குச் சரியானது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு என்ன ஆனது என்று யாரும் வந்து பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அப்படி ஒருத்தர் என் வீட்டுக்குள்ளேயே இருந்தார். என் அப்பா.

நான் அப்போது விளாங்குடியில் ஒரு ரேஷன் கடையில் வேலை பார்த்தேன். கட்டிக்கொடுத்த இடத்தில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு, போதும் என்று பெட்டியோடு அப்பா வீட்டுக்கு வந்தவள். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். தம்பி ஓசூரில் இருந்தான். வீட்டில் அப்பாவும் நானும்தான். எனக்குப் பேசத் தெரியாது என்று கடை வரிசையில் நிற்கிறவர்கள் சொல்வார்கள். பேசத் தெரியும். இனிக்க இனிக்கப் பேசத்தான் தெரியாது.

அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். ஒரு தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுகிற வேலை. தாமதமாக வருகிற டிரைவர் ஏதாவது காரணம் சொல்ல வாயைத் திறப்பார். அப்பா பேசமாட்டார். இடது கையைத் தூக்கி வாட்ச்சைக் காட்டுவார். அவ்வளவுதான். ரிட்டையர் ஆகிப் பத்து வருஷம் ஆன பிறகும் அந்த வாட்ச் கையில் இருந்தது. காலை ஐந்தரைக்கு மெயின் ரோட்டில் இருக்கிற டீக்கடைக்குப் போவார். கடைக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அங்கே அப்பாவின் கூட்டாளிகள் ரெண்டு பேர் வருவார்கள். இருவரும் பஸ்ஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர்கள். ஒருவர் டிரைவர், ஒருவர் கண்டக்டர். எந்த ரூட்டில் அதிக காலம் ஓடினார்களோ அந்த நம்பர்தான் அவர்களுக்குப் பெயர். டிரைவர் பதினேழு. கண்டக்டர் முப்பத்தொண்ணு. அப்பாவுக்கு நம்பர் கிடையாது. டைம் கீப்பர் என்பார்கள், பதினேழு மட்டும் மாப்ள என்பார்.

டீயைக் குடித்துக்கொண்டே திண்டுக்கல் ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்ப்பார்கள். “ஆறு பத்து வண்டி ரெண்டு நிமிஷம் லேட்டு” என்பார் அப்பா. “டிரைவர் எவன்டா?” என்பார் பதினேழு. யாரும் கேட்காத வேலை. அதைப் பத்து வருஷமாகச் செய்தார்கள்.

ஆடி மாசம் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் விட்டது. மூட்டு மட்டும் விடவில்லை. விரல் மடங்கவில்லை. கணுக்கால் பூரி மாதிரி உப்பியது. மணிக்கட்டு வீங்கி வாட்ச் வார் எட்டவில்லை, கழற்றி அலமாரியில் வைத்தோம். கக்கூஸில் குத்துக்கால் வைத்து உட்கார முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். அதைப் பார்த்த அன்றைக்கு அவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. டம்ளரைத் தூக்க முடியாமல் நான் ஸ்பூனில் கஞ்சி கொடுத்தேன். ஊரிலுள்ள டிரைவர்களையெல்லாம் மிரட்டிய ஆள், வாயைத் திறந்து மகள் ஊட்டுகிற கஞ்சியை விழுங்கினார். மூன்றாவது வாய்க்குச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று வாரம் போனது. வலி கொஞ்சம் குறைந்தது. கம்பை ஊன்றினால் வீட்டுக்குள் நடக்க முடிந்தது. ஆனால் அவர் நடக்கவில்லை. ஷேவ் பண்ணவில்லை. பேப்பர் வேண்டாம் என்றார். மணி கேட்பதை நிறுத்திவிட்டார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. விழித்திருக்கிற நேரமெல்லாம் கால் மணிக்கு ஒரு தடவை மணி கேட்கிற மனுஷன்.

“ஒனக்கு நான் ஒரு சொமை பாப்பா” என்றார் ஒரு நாள்.

“ஆமா, சொமைதான். எந்திரிச்சு நடங்க, கொறையும்” என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஊசி போட்டார். “வலியைவிட, பேசவே மாட்டேங்கிறாருங்க. சாப்பாடும் எறங்கல” என்றேன். “வயசாச்சுல்லம்மா, அப்படித்தான் இருப்பாங்க” என்றார். “ஏன் சார், வயசு ஆடி மாசத்துலதான் வந்துச்சா? ஆனி மாசம் வரைக்கும் நல்லாத்தான இருந்தாரு” என்று கேட்டேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். பார்க்க வந்த சொந்தக்காரி ஒருத்தி, “கொடுத்து வச்சவரு, உக்காந்த எடத்துல சாப்பாடு” என்றாள். அவளுக்கு நான் காபி கொடுக்கவில்லை.

அப்பா என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார். “எவன் வந்தாலும் நான் ஊர்ல இல்லன்னு சொல்லிரு. இந்தக் கோலத்துல என்னைய யாரும் பாக்கக் கூடாது.”

சொன்னேன். முப்பத்தொண்ணு வந்தார். திருவாதவூரில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன். நம்பிவிட்டுப் போனார். பாய் கேட்டார். அவரிடமும் அதையே சொன்னேன். பதினேழு வந்தார். அவருக்கும் அதே காய்ச்சல் வந்து விட்டிருந்தது. மூன்று தெரு தாண்டி, காலை அகட்டி அகட்டி நடந்து வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அப்பன் எங்கத்தா?”

“ஊருக்குப் போயிருக்காரு மாமா.”

“இந்தக் காலோடயா?”

“ஆமா.”

கேட்டைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். ஒரு வாரம் கழித்துத் திரும்ப வந்தார். கையில் பாய் கடை வடை ரெண்டு, பேப்பரில் சுற்றியது.

“இன்னுமா வரல?”

“வரல மாமா.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசல்படியைப் பார்த்தார். படிக்குப் பக்கத்தில் அப்பாவின் டயர் செருப்பு கிடந்தது. ஒரு மாசமாக ஒரே இடத்தில் கிடந்து தூசி ஏறியிருந்தது.

“வெறுங்காலோடயா போனான் ஒங்கப்பன்?”

கடையில் எவன் என்ன கேட்டாலும் பதில் வைத்திருக்கிறவள் நான். அன்றைக்கு நானும் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பொட்டலத்தைக் காம்பவுண்ட் சுவர் மேல் வைத்தார். “ஆறுறதுக்குள்ள தின்னச் சொல்லு. வாரேன்” என்றார். சத்தமாகத்தான் சொன்னார். உள்ளே கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

உள்ளே போனேன். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். “போயிட்டானா?” என்றார். “போயிட்டாரு. ஒங்க செருப்பப் பாத்துட்டாரு” என்றேன். வடையைத் தொடவில்லை. கோபத்தில் ரெண்டையும் நானே தின்றேன்.

இது நடந்து நாலாவது நாள், காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு மெயின் ரோட்டிலிருந்து மூன்றாவது வீடு. டவுன் பஸ் ஒன்று ஸ்டாப்பில் வந்து நின்றது. வழக்கமாக நிற்கிற நேரத்தைத் தாண்டியும் நின்றது. இன்ஜினை ஆஃப் பண்ணுகிற சத்தம் கேட்டது. பார்த்தால், காக்கிச் சட்டையோடு டிரைவரும் கண்டக்டரும் எங்கள் தெருவுக்குள் நடந்து வருகிறார்கள். கண்டக்டர் கையில் ரோஜா மாலை. டிரைவர் அழுதுகொண்டே வந்தார். எனக்கு அவர்கள் யார் என்றே தெரியாது.

“எப்பக்கா ஆச்சு?” என்றார் கண்டக்டர்.

“எது?”

“டைம் கீப்பரு… ஸ்டாண்டு பூராப் போஸ்டர் ஒட்டிருக்காய்ங்கக்கா. எங்களுக்கெல்லாம் அவரு…” துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அவருக்குக் கஞ்சி கொடுத்திருந்தேன். உள்ளே ஓட நினைத்தேன். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. ரெண்டு மாசமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம்.

“எந்த வண்டிடா அது, ஸ்டாப்புல ஆஃப் பண்ணி நிக்கிறது? ஆறு நாப்பதுதான? இந்நேரம் பரவை தாண்டிருக்கணுமேடா! ஏறுன சனம் என்னடா பண்ணும்?”

கண்டக்டர் கையிலிருந்த மாலை கீழே விழுந்தது. டிரைவர் அழுகையை நிறுத்திவிட்டு, பழக்க தோஷத்தில், “வந்துட்டோம் சார், ரெண்டே நிமிஷம் சார்” என்றார்.

அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு வாசல் நிலைக்கு வந்தார். வேட்டியும் பனியனும், மாசக்கணக்கான தாடியும். ஒளிந்துகொண்டிருந்த கோலம் அதுதான். அதோடு வெளியே வந்து நின்றதை அவர் உணரவே இல்லை என்று நினைக்கிறேன். வண்டி நின்றுபோனதுதான் அவர் கண்ணில் இருந்தது.

அவர்களை விரட்டி அனுப்பி முடிப்பதற்குள் பாய் வந்துவிட்டார். அவர் கடை முன்னால் ஒட்டியிருந்த போஸ்டரை ஈரத்தோடு உரித்துச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். நிலையில் நிற்கிற அப்பாவைப் பார்த்ததும் சுருட்டியதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“யா அல்லா… மச்சான், நீ மவுத்தாயிட்டேன்னு கடையச் சாத்திட்டு வாரேன்!”

“நான் ஊர்ல இருந்தாத்தானடா ஒனக்குத் தெரியும்” என்று சொல்லிக்கொண்டே அப்பா போஸ்டரை வாங்கிப் பிரித்தார். நான் மறுபக்கம் பிடித்தேன்.

மதுரைக்காரர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், சாவு, எல்லாவற்றுக்கும் இங்கே போஸ்டர் உண்டு. மாலையில் உயிர் போனால் விடியும்போது சுவரில் இருக்கும். மேலே கறுப்பில் கண்ணீர் அஞ்சலி. நடுவில் முகம். கீழே பெயர். யாரும் பெயரைப் படிப்பதில்லை, முகத்தைப் பார்த்துவிட்டு மாலை வாங்கப் போவார்கள். அந்தப் போஸ்டரில் நடுவில் காக்கிச் சட்டையும் மீசையுமாக என் அப்பாவின் முகம். ஆயுத பூஜைக்கு டெப்போவில் எடுத்த பழைய போட்டோவில் இருக்கிற முகம். கீழே ஓய்வு பெற்ற ஓட்டுநர் என்று போட்டு, பதினேழின் பெயர்.

அப்பா ரெண்டு தடவை படித்தார். பாயும் அப்போதுதான் படித்தார். செத்தது யார் என்று மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில்தான் தெரிந்தது.

“ரெண்டு தடவ வந்தான்” என்றார் அப்பா. “நான் ஒரு தடவகூட எந்திரிச்சு வரல.”

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. “சட்டையப் போட்டு விடு பாப்பா” என்றார். கையைத் தூக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு சட்டை போட்டுக்கொண்டார். அலமாரியில் இருந்த வாட்ச்சை எடுக்கச் சொன்னார். மணிக்கட்டில் அது இன்னும் ஏறவில்லை. சாவி கொடுத்து, என் ரேடியோவைக் கேட்டு நேரம் சரிபண்ணி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“ஆட்டோ கூப்பிடுறேன்” என்றேன்.

“வேணாம். அவன் அந்தக் காலோட நடந்துதான வந்தான்? நானும் நடந்தே வாரேன்.”

மூன்று தெரு. நல்ல காலோடு போனால் ஆறு நிமிஷம். செருப்பில் காலை நுழைக்கவே ரெண்டு நிமிஷம் ஆனது. ஒரு பக்கம் கம்பு, ஒரு பக்கம் ஒவ்வொரு வீட்டுக் காம்பவுண்ட் சுவர். பாய் கொஞ்சம் முன்னால், நான் கொஞ்சம் பின்னால். பிடிக்க விடவில்லை. வழியெல்லாம் போஸ்டர். மின்கம்பத்தில், மில் சுவரில், நான் வேலை பார்க்கிற கடைக் கதவில்கூட. செத்துப்போன ஆள் தன் முகத்தை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒன்றைக் கிழிக்கப் போனேன்.

“கிழிக்காத” என்றார். “மூஞ்சிதான் என்னது. பேரு அவனோடது.”

தெருவே வெளியே வந்துவிட்டது. குழாயடியில் நின்ற ஒரு அம்மா அப்பாவைப் பார்த்துக் குடத்தைப் போட்டுவிட்டுக் கத்தினாள். ஒரு வீட்டு வாசலில் காலில் துணி சுற்றிய ஒரு பெரியவர், இன்னொரு வீட்டு ஜன்னலில் ஒரு கிழவி, மாடிப்படியில் சரிந்து உட்கார்ந்தபடி ஒருவர். மாசக்கணக்காக நான் கடையில் பார்க்காத முகங்கள். அப்பா அவர்களையும் பார்த்தார். நின்று நின்றுதான் நடந்தார் என்பதால் நன்றாகவே பார்த்தார்.

பதினேழின் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் முப்பத்தொண்ணு ஓடி வந்தார்.

“அண்ணே! நீங்க ஊர்ல இருந்து எப்ப வந்தீங்க? சேதி சொல்ல ஆள் அனுப்பணும்னு இருந்தேன்.”

“போஸ்டர் அடிக்கக் குடுத்தது யாரு? நீயா?”

“நான்தாண்ணே. காய்ச்சல் விட்டு நல்லாத்தான் இருந்தாரு, நேத்து சாயங்காலம் நெஞ்ச அடைக்குதுன்னாரு, முடிஞ்சு போச்சு. கையும் ஓடல, காலும் ஓடல. நம்ம மூணு பேரு பஸ்ஸுக்கு முன்னாடி நிக்கிற போட்டோ, அதத்தான் குடுத்தேன். வண்டிக்கு லெஃப்ட்ல கடைசியா நிக்கிறவருன்னு தெளிவாச் சொன்னேண்ணே. அவன் வண்டிக்கு ரைட்ல நின்ன ஒங்க மூஞ்சிய வெட்டிட்டான்!”

“வண்டிக்கு லெஃப்ட்டுன்னு சொன்னியா?”

“ஆமாண்ணே.”

“முட்டாப் பயலே. வண்டிக்கு லெஃப்ட்டு நமக்குத்தான் லெஃப்ட்டு. படிக்கட்டுப் பக்கம். டிரைவர் சீட்டுல உக்காந்து பாத்தா லெஃப்ட்டு. முன்னாடி நின்னு போட்டோவப் பாக்குறவனுக்கு அது ரைட்டுடா. பிரஸ்காரன் என்னைக்குடா பஸ் ஓட்டுனான்?”

முப்பது வருஷம் வண்டியில் இருந்தவருக்கு இடது வலது என்றால் வண்டிக்குத்தான். தன் வீட்டு அலமாரிக்குக்கூட லெஃப்ட் சைடு, ரைட் சைடு என்று வண்டிக் கணக்கில் சொல்கிற ஆட்கள் அவர்கள். முப்பத்தொண்ணு தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பந்தலில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

உள்ளே பதினேழின் மனைவி அப்பாவைப் பார்த்ததும் எழுந்தார். “வாங்கண்ணே. ஒங்களப் பாக்கணும்னுதான் பொலம்பிக்கிட்டு இருந்தாரு. ‘செருப்பு வாசல்ல கெடக்கு, பய உள்ளதான் இருக்கான், கால் சரியானதும் திரும்பப் போவேன், எத்தன நாளைக்கு ஒளிஞ்சுக்கிறான்னு பாக்குறேன்’ன்னாரு.”

அந்தப் பொய்யை மூன்று பேரிடம் சொன்ன வாய் என்னுடையது. அப்பா மெல்லக் குனிந்தார். தரையில் உட்கார முடியாது என்று எனக்குத் தெரியும். நாற்காலியைத் தள்ளினேன். அவர் அதைத் தள்ளிவிட்டு, ஒரு முழங்காலை நீட்டி, கம்பைப் பிடித்து, வலியில் கண்ணைச் சுருக்கி, தரையில் உட்கார்ந்தார். ரெண்டு மாசமாக உட்காராத தரை. பதினேழின் காலைத் தொட்டார்.

“ஊர்ல இருந்து வந்துட்டேன் மாப்ள” என்றார்.

அதற்குப் பிறகுதான் அழுதார்.

ரெண்டு மணிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ரெண்டு மணிக்கு எதுவும் தயாராகவில்லை. மச்சினர் ஒருவர் உசிலம்பட்டியிலிருந்து வந்துகொண்டிருக்கிறார், இன்னும் அரை மணி, ஒரு மணி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா சட்டைப் பையிலிருந்து வாட்ச்சை எடுத்தார். பார்த்தார். எழுந்தார், இந்தத் தடவை பாய் தோள் கொடுக்க ஒத்துக்கொண்டார். பந்தலின் நடுவில் நின்று, வீங்கின கையால் வாட்ச்சை உயரத் தூக்கிப் பிடித்தார்.

“ரெண்டு மணின்னா ரெண்டு மணி. முப்பது வருஷத்துல மாப்ள ஒரு நாளும் லேட்டா எடுத்தவன் இல்ல. நான் எழுதியிருக்கேன், எனக்குத் தெரியும். கடைசி ட்ரிப்ப லேட்டாக்க விடமாட்டேன். எடுங்கப்பா.”

எடுத்துவிட்டார்கள். பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுகொண்டோம். அப்பா சவ வண்டியின் படிக்கட்டில் கால் வைத்ததைப் பார்த்தேன். ரெண்டு பேர் கை கொடுக்க வந்தார்கள். “தள்ளுங்கடா, ஏறத் தெரியும்” என்றார். மூன்று தடவை முயற்சி பண்ணினார். நாலாவது தடவை ஏறினார். தத்தனேரி சுடுகாட்டுக்கு அந்த வண்டியிலேயே போனார்.

நான் பெருமைப்படுகிறவள் இல்லை. பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கியதற்குக்கூடப் பெருமைப்படவில்லை, மற்றவர்கள் படிக்கவில்லை என்று நினைத்தேன். அன்றைக்கு அந்தத் தெருமுனையில் நின்று, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணிடம், “அவருதான் எங்கப்பா” என்றேன். அவர் யார் என்று அவள் கேட்கவே இல்லை.

மறுநாள் பிரஸ்காரர் வெட்கப்பட்டு, பதினேழின் சரியான முகத்தை மட்டும் தனியாக அச்சடித்துக் கொடுத்தார். அப்பாவும் முப்பத்தொண்ணும் பாயும் பசை வாளியோடு கிளம்பினார்கள். அப்பாவுக்குக் கை தோளுக்கு மேல் போகாது. கம்பால் காட்டி, “மேல, இன்னும் மேல, டேய், லெஃப்ட்ல… போட்டோவுக்கு லெஃப்ட்ல!” என்று கத்தினார். ஊர் முழுக்க அவர் முகத்தின் மேல் கூட்டாளியின் முகத்தை ஒட்டிவிட்டு வந்தார்கள்.

அன்று சாயங்காலம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “நம்ம தெருவுலயே எம்புட்டுப் பேரு உள்ள கெடக்காங்க பாத்தியா? ஒனக்குத் தெரியும்ல?”

எனக்குத் தெரியும். ரேஷன் கடையில் இருக்கிறவளுக்குத் தெரியாதா? வருஷக்கணக்காகத் தானே பையோடு வந்து, என்னோடு சண்டை போட்டுச் சீனி வாங்கிப்போன கிழவர் கிழவிகள் அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு வரவில்லை. மகன் வந்தான், மருமகள் வந்தாள். காய்ச்சல் விட்டுவிட்டது என்பார்கள். அப்புறம் ஏன் அவர் வரவில்லை என்று நானும் கேட்டதில்லை. பதினோரு வீடு சொன்னேன். அப்பா கிழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுத வைத்தார். எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்கு என்று வண்டி அட்டவணை மாதிரி.

காலையில் டீக்கடையிலிருந்து கிளம்பி மூன்று பேரும் வீடு வீடாகப் போனார்கள். ஆறுதல் சொல்லப் போகவில்லை. அவர்களுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. கதவைத் தட்டி வம்பிழுத்தார்கள்.

மில்லில் வேலை பார்த்து ரிட்டையரான ஒருவர் உள்ளேயிருந்தே, “கால் வீக்கம், நான் வரல” என்றாராம்.

“நான் செத்து ஒரு வாரமாச்சு. நானே வந்திருக்கேன். ஒனக்கென்னடா கேடு?” என்றாராம் அப்பா.

அவர் வந்துவிட்டார். அந்த வாசகம் பல வீடுகளில் வேலை செய்தது. கார்த்திகை பிறப்பதற்குள் டீக்கடையில் பெஞ்சு போதவில்லை. பாய் இன்னொன்று வாங்கிப் போட்டார். ஒரு வீட்டில் மட்டும் மருமகள், “அத்தை ஊருக்குப் போயிருக்காங்க” என்றாள். அப்பா வாசல்படியைப் பார்த்தார். சின்ன நீலச் செருப்பு கிடந்தது. “சரித்தா, நாளைக்கு வாரோம்னு சொல்லு” என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். அந்த அம்மா கடைசிவரை ஜன்னலுக்குத்தான் வந்தார்கள், வாசலுக்கு வரவில்லை. ஜன்னல் வரைக்கும் வந்தாங்கள்ல என்றார் அப்பா. எனக்கு அது போதவில்லை. அந்த வீட்டை இன்னும் ஒரு மாசம் முன்னாலேயே தட்டியிருக்கலாம் என்று இப்போதும் தோன்றும்.

அவருக்கு வலி போக ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. மழை நாளில் காலையில் எழுந்ததும் விரலை ஒவ்வொன்றாகப் பிரிப்பார். டாக்டரிடம் நான் திரும்பக் கூட்டிப்போகவில்லை, முப்பத்தொண்ணோடு அவரே போய்வந்தார். சில நாள் பேசாமல் இருப்பார். பதினேழு வடை கொண்டுவந்த கிழமையில் அப்படி இருப்பார். அன்றைக்கு நான் எதுவும் கேட்பதில்லை.

தை மாசம் ஒரு நாள் காலையில் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். பார்த்தால் ஆறு நாற்பது வண்டியின் கண்டக்டர். காக்கி இல்லாமல், கையில் தங்கச்சி கல்யாணப் பத்திரிகையோடு.

“அப்பா இருக்காராக்கா?”

“வெளிய போயிருக்காரு.”

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். கதை எல்லாருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. “நெசமாவாக்கா?”

“கீழ பாருங்க தம்பி” என்றேன். “செருப்பு கெடக்கா?”

பார்த்தார். வாசல்படிக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.